கே24 கட்டுகிறேன், செப்பாங் ஓட்டத்துக்கு: ஆயில் பம்ப், சம்ப், கூலர், எதில் காசு போடுவது?

கிள்ளான்_ஈஜி:

வணக்கம். 1993 ஹோண்டா சிவிக் ஈஜி ஹேட்ச்பேக் ஒன்றுக்கு இஞ்சின் கட்டிக்கொண்டிருக்கிறேன். பிளாக் ஜப்பான் அக்கார்டு சிஎல்9 ஹாஃப்கட்டில் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்) வந்த கே24ஏ, ஹெட் கே20ஏ, டர்போ கிடையாது. ஃபோர்ஜ்டு பிஸ்டன், நல்ல ராடு, ரெவ் லிமிட் (நிமிடத்துக்கு அதிகபட்சச் சுற்று) 8,200-இல் வைப்பதாக உத்தேசம். முக்கியமாக செப்பாங் ரேஸ் டிராக்கில் நடக்கும் டிராக் டேக்குத்தான், ஆனால் வார இறுதியில் மோரிப் வரைக்கும் ஒரு சுற்றுப் போகிற கார்தான், டிரெய்லரில் ஏற்றி இறக்குகிற ரேஸ் கார் இல்லை. டயர் செமி ஸ்லிக், கிட்டத்தட்ட ரேஸ் டயர். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை), புஸ்பகோம் (வாகனச் சோதனை) வேலை தனியாக நடக்கிறது, அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை.

பிளாக் இப்போது மெஷின் ஷாப்பில் இருக்கிறது. ஆயில் சமாச்சாரத்துக்கு மட்டும் 6,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கி வைத்திருக்கிறேன். பார்ட்ஸ் விற்கிற கடைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த பட்டியல் இது: கே24-இன் பம்பையே போர்ட் பண்ணி (உள் வழிகளைச் சீவிப் பெரிதாக்கி) ரிலீஃப் ஸ்பிரிங்கை (பிரஷர் கூடினால் திறக்கும் வால்வின் ஸ்பிரிங்) ஏற்றிக் கொடுப்பாராம், 25 வரிசை ஆயில் கூலர், ஏஎன்-10 ஹோஸ் முழு செட், ஃபில்டர் ரீலொகேஷன் கிட், 15டபிள்யூ-50 ஆயில். இஞ்சின் அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஷா ஆலமில் நான் பழகும் ஃபோர்மேனோ, "சம்ப்பை முதலில் பாரு, மற்றது அப்புறம்" என்கிறார். இன்னொரு நண்பர் நேராக டிரை சம்ப்புக்குப் போ என்கிறார், விலையைக் கேட்டதும் வாயைப் பிளந்துவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது: பம்ப் எது? சம்ப்புக்குத் தடுப்பு போட்டால் போதுமா, பெரிய சம்ப்பே வாங்க வேண்டுமா? அக்யூசம்ப் என்கிற அந்த உருளை தேவையா, வெறும் ஆடம்பரமா? இந்த ஊர் வெயிலுக்குக் கூலர் எவ்வளவு பெரிது? ஏற்கெனவே இதே மாதிரி கட்டியவர்கள் சொன்னால் நல்லது.


டர்ன்14:

முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் ஃபோர்மேன் சொன்னதுதான் சரி.

கே24-இன் சொந்தப் பம்போடு பேலன்ஸ் ஷாஃப்ட் இரண்டு சேர்ந்தே வரும், பம்ப் ஹவுசிங்குக்குள்ளேயே, சம்ப்பில் மூழ்கிக் கிடக்கும். அவை கிராங்க் சுற்றுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுபவை. நீங்கள் 8,200-இல் ஓட்டினால் அந்த ஷாஃப்ட் 16,400-இல், ஆயிலுக்குள்ளேயே. குடும்பக் காரில் அதிர்வைக் குறைப்பதற்காக ஹோண்டா வைத்தது அது, 6,800, 7,000 வரைக்கும் ஓடுகிற இஞ்சினுக்கு நன்றாகவே வேலை செய்யும். அதற்கு மேல் போய் அங்கேயே நிற்கும்போது மோரைக் கடைகிற மாதிரி ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை வந்த ஆயிலை எந்தப் பம்ப் தள்ளினாலும் பேரிங்குக்குப் போவது பாதி காற்றுதான். இதில் போய்ப் பம்பைப் போர்ட் பண்ணி என்ன பயன்?

ஆகவே பம்ப் கேள்விக்கு எல்லாரும் சொல்கிற ஒரே பதில்: கே20ஏ டைப் ஆர் அல்லது ஆர்எஸ்எக்ஸ் டைப் எஸ்-இன் பம்ப். பேலன்ஸ் ஷாஃப்ட் கிடையாது, எடையும் குறைவு, டைப் ஆரில் ஹோண்டாவே 8,000-க்கு மேல் ஓட்டுகிறது. பம்பை மட்டும் வாங்காதீர்கள். அதோடு வரும் செயின், டென்ஷனர், விண்டேஜ் டிரே (கிராங்குக்கும் சம்ப் ஆயிலுக்கும் நடுவே இருக்கும் தகடு) எல்லாவற்றையும் ஒரே இஞ்சினிலிருந்து செட்டாக எடுங்கள். செயினும் டென்ஷனரும் புதிதாகவே வாங்கிவிடுங்கள், ஹாஃப்கட் செயினை நம்பாதீர்கள். கே24-இன் ஸ்ட்ரோக் 99 மி.மீ., கே20-க்கு 86 தான், அதனால் டிரே எங்கேயாவது கிராங்கிலோ ராடிலோ உரசும். பூட்டியதும் கிராங்கைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, உரசுகிற இடத்தைக் கொஞ்சம் வெட்டி விட்டால் சரி. வெட்டிய ஓரத்தைச் சீவிச் சுத்தம் செய்யாமல் பூட்டிவிடாதீர்கள், அந்த உலோகத் தூள் நேராகப் பம்ப் வாய்க்குத்தான் போகும்.

சிலர் காசு மிச்சம் பிடிக்க, பழைய பம்பிலேயே ஷாஃப்டை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். ஷாஃப்டுக்குப் போகும் ஆயில் துளைகளை ஒழுங்காக அடைக்காவிட்டால் அந்த வழியாகவே பிரஷர் ஒழுகிவிடும். தெருவுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, செப்பாங்குக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது சம்ப். காசு போட வேண்டிய இடம் இதுதான், யாரும் போடாத இடமும் இதுதான், ஏனென்றால் பானெட்டைத் திறந்து காட்டினால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கணக்குச் சொல்கிறேன். வளைவில் 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) பக்கவாட்டு விசை வந்தால் சம்ப்பில் இருக்கும் ஆயிலின் மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். செமி ஸ்லிக் டயர் போட்ட இலேசான ஈஜி 1 ஜி-யை சர்வ சாதாரணமாகத் தாண்டும். அந்த நேரத்தில் ஆயில் வளைவின் வெளிப் பக்கச் சுவரில் ஏறி நிற்கும், பம்ப் சல்லடை எதிர்ப் பக்கம் இருந்தால் காற்றைத்தான் உறிஞ்சும். உயர் ஆர்பிஎம்மில் சம்ப்பில் இருக்கிற நான்கைந்து லிட்டரும் சில விநாடிகளில் ஒரு சுற்று மேலே போய்விடும், திரும்பி வருவதோ மெதுவாகத்தான். குட்டையான கொண்டை ஊசி வளைவில் ஒன்றும் ஆகாது, சீக்கிரம் முடிந்துவிடும். நீளமான வளைவுதான் கொல்லும்.

செப்பாங்கில் அப்படிப்பட்ட இடம் நிறைய. மெயின் ஸ்டிரெயிட் முடிந்து முதல் வளைவு, வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகும். ஐந்தாவது இடது, ஆறாவது வலது, இரண்டும் வேகமான நீள வளைவுகள், நான்காவது கியரில் உயர் ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை விடாமல் இருப்பீர்கள். எனக்குப் பிடித்ததும் பயமும் 13, 14 தான். 12-ஐ இடது பக்கம் முழு வேகத்தில் எடுத்து, உடனே வலது, அந்த வலது போகப் போக இறுகிக்கொண்டே வரும், திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். ஆயில் பக்கவாட்டிலும் போகும், முன்னாலும் போகும், ஆக சம்ப்பின் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். பக்கத்துக்கு மட்டும் தடுப்பு வைத்த சம்ப் இங்கே ஏமாற்றும். பம்ப் சல்லடையைச் சுற்றி நாலு பக்கமும் பெட்டி மாதிரி அடைத்து, உள்ளே வரலாம் வெளியே போக முடியாது என்கிற மாதிரி ஒருவழிக் கதவு வைத்தது வேண்டும். ரெடிமேடாகவும் கிடைக்கிறது, மோரோசோ மாதிரி கம்பெனிகள் கே இஞ்சின் ஸ்வாப்புக்கென்றே பெரிய சம்ப் விற்கிறார்கள். வாங்கும் முன் ஈஜியின் கிராஸ் மெம்பருக்கும் எக்ஸாஸ்ட் ஹெடருக்கும் இடம் இருக்கிறதா பாருங்கள். அலுமினியம் வெல்டிங் சுத்தமாகச் செய்கிற ஆள் கையில் இருந்தால், இருக்கிற சம்ப்பிலேயே தடுப்பு வைத்துக்கொள்வது பாதி விலையில் முடியும்.

பம்ப் சல்லடைக்கும் சம்ப் தரைக்கும் நடுவே 6 முதல் 10 மி.மீ. இருக்கட்டும். களிமண் உருண்டை வைத்து ஒருமுறை பூட்டிக் கழற்றினால் அளவு தெரிந்துவிடும். குறைந்தால் மூச்சு முட்டும், கூடினால் காற்றை உறிஞ்சும்.


ஈப்போ_லேத்:

மேலே சொன்னவர் பம்பையும் சம்ப்பையும் சொல்லிவிட்டார். நான் மெஷின் ஷாப் ஆள், அதனால் எல்லாரும் மறக்கிற விஷயத்தைக் கேட்கிறேன்: பேரிங் கிளியரன்ஸ் (பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே விடும் இடைவெளி) என்ன வைக்கச் சொன்னீர்கள்? அது தெரியாமல் பம்பைப் பற்றியோ ஆயில் கிரேடைப் பற்றியோ பேசுவது வீண்.

கே24-இல் ராடு ஜர்னல் (கிராங்கில் ராடு உட்காரும் இடம்) 48 மி.மீ., மெயின் 55 மி.மீ. பழைய சூத்திரம் ஒன்று உண்டு, விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிளியரன்ஸ். அதன்படி ராடுக்கு 0.048 மி.மீ. பக்கம் வரும். ஹோண்டா கம்பெனியில் நிறம் பார்த்துப் பேரிங் தேர்ந்தெடுக்கும் முறை இந்த அளவைச் சீராக வைக்கத்தான். ரேஸ் இஞ்சின் என்றதும் சில கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு "கொஞ்சம் லூசாக விடு" என்பார்கள். அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பேரிங்கின் ஓரத்தில் ஒழுகும் ஆயில், கிளியரன்ஸின் மூன்றாம் மடிக்கு (மூன்று முறை பெருக்கியதற்கு) ஏற்பக் கூடும். 0.040 இருந்ததை 0.050 ஆக்கினால் பார்ப்பதற்கு ஒரு தலைமுடியில் பாதி கூட இல்லை, ஒழுக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்போதுதான் "பெரிய பம்ப் வேண்டும், கனமான ஆயில் வேண்டும்" என்று ஆரம்பிக்கும். ஸ்டாண்டர்ட் வரம்பின் மேல் ஓரத்தில் சீராகக் கட்டிய இஞ்சினுக்கு டைப் ஆர் பம்ப் தாராளமாகப் போதும், 15டபிள்யூ-50 தேவையே இல்லை, நல்ல சிந்தெடிக் 10டபிள்யூ-40 போதும். டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண்ணைப் பற்றிக் கிள்ளானில் கவலைப்பட வேண்டாம், அது குளிருக்கு.

டயல் போர் கேஜில் அளந்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு ஜர்னலுக்கும் தனித்தனியாக. "எல்லாம் ஓகே பாஸ்" என்பது அளவு இல்லை. பிளாஸ்டிகேஜ் (நசுக்கி அளக்கும் இழை) வைத்துப் பார்த்தேன் என்றால் சரிபார்ப்பதற்கு அது போதும், கட்டுவதற்குப் போதாது.

ரிலீஃப் ஸ்பிரிங் விஷயம். ஸ்பிரிங்கை ஏற்றினால் உயர் ஆர்பிஎம்மில் வால்வு தாமதமாகத் திறக்கும், மீட்டரில் எண் கூடும், அவ்வளவுதான். சூடான ஐடிலில் பிரஷர் குறைகிறது என்றால் அங்கே வால்வு மூடித்தான் இருக்கிறது, ஸ்பிரிங் அதற்கு ஒன்றும் செய்யாது. தேவைக்கு மேல் ஏற்றினால் பம்ப் செயினுக்குச் சுமை, ஆயிலுக்குச் சூடு, ஃபில்டர் சீலுக்குச் சோதனை. பழைய கணக்கு 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, உங்களுக்கு 80 பக்கம் வந்தால் நிறைவு. ஹோண்டா மேனுவலில் 80 டிகிரி ஆயிலுக்கு ஐடிலில் 70 கிலோபாஸ்கல், அதாவது 10 பிஎஸ்ஐ, 3,000-இல் 300 கிலோபாஸ்கல், 43, 44 பிஎஸ்ஐ, இதற்குக் குறையக் கூடாது என்று இருக்கும். புதிதாகக் கட்டிய இஞ்சினில் இதற்கு மேலேயே நிற்கும், நின்றால் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, 99 மி.மீ. ஸ்ட்ரோக்கை 8,200-இல் சுற்றினால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 27 மீட்டர். டைப் ஆர் கே20ஏ 8,400-இல் கூட 24 தான். பிஸ்டனை மேலே நிறுத்தித் திருப்பி இழுக்கும் பளுவெல்லாம் ராடு பேரிங் மேல்தான், ஆயில் ஒரு கணம் நின்றாலும் முதலில் போவது அதுதான். 7,800-இல் வைத்தால் நேரம் எவ்வளவு கூடும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இந்த இஞ்சின் நடுவிலேயே நிறைய டார்க் கொடுக்கும், கடைசி 400 ஆர்பிஎம்முக்கு ஏன் இவ்வளவு விலை?


ஜேபி_ஓட்டுநர்:

கூலர் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

இந்த ஊரில் நண்பகல் செஷனில் வெளிக்காற்றே 33, 34 டிகிரி, டிராக்கில் இன்னும் கூட. கூலர் இல்லாமல் ஆறேழு சுற்று வேகமாகப் போனால் ஆயில் 130-ஐத் தொடும். 100-லிருந்து 120 வரை எனக்குக் கவலை இல்லை, 130-க்கு மேல் போனால் மெதுவாக ஒரு சுற்று வந்து ஆற விடுவேன். ஆக கூலர் வேண்டும், ஆனால் தெருவிலும் ஓட்டுகிறீர்கள், அதனால் தெர்மோஸ்டாட் வைத்த சாண்ட்விச் பிளேட் (பிளாக்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே மாட்டுவது) கட்டாயம். மொக்கால் மாதிரியான ஒன்று, 80 டிகிரி பக்கத்தில் திறக்கும். அது இல்லாமல் போட்டால் மோரிப் போய் வரும் வரைக்கும் ஆயில் 70-ஐத் தாண்டாது, உள்ளே சேர்கிற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாது, ஆயில் சீக்கிரம் கெட்டுவிடும்.

25 வரிசை என்பது இந்த இஞ்சினுக்குப் பெரிது. 19 வரிசை ஸ்டாக்டு பிளேட் கூலர், பம்பருக்குப் பின்னால் நேரடிக் காற்று படுகிற இடத்தில், பக்கங்களை அடைத்து வைத்தால் போதும். காற்று உள்ளே வர வழி இருந்தால் மட்டும் போதாது, வெளியே போகவும் வழி வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டினாற்போல் மாட்டிவிட்டு தண்ணீர் சூடாகிறது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஃபில்டர் ரீலொகேஷன் கிட் எதற்கு? வேண்டாம். ஹோஸ் நீளம், ஃபிட்டிங் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் பிரஷரைக் குறைக்கும், ஒவ்வொன்றும் ஒழுகக் கூடிய இடம். ஏஎன்-10 சரியான அளவுதான், ஏஎன்-8 போட்டுக் குறுக்காதீர்கள். 90 டிகிரி ஃபிட்டிங்கில் உள்ளே கூர்மையாக மடங்கும் வகையைத் தவிர்த்து, வளைந்த குழாய் வகையை எடுங்கள். ஃபில்டருக்கு எஸ்2000-இல் வரும் பிசிஎக்ஸ் ஃபில்டரைப் பலர் போடுகிறார்கள், ஒரே எம்20×1.5 மரைதான், கே-யில் அப்படியே ஏறும். ஒரிஜினல் என்று நம்புகிற கடையில் மட்டும் வாங்குங்கள், போலி ஃபில்டர் தண்ணீர் பட்ட பாடாகக் கிடைக்கிறது.

செகண்ட் ஹேண்ட் கூலர் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அடிமாட்டு விலைக்கு விற்கிறவருடைய பழைய இஞ்சின் என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள். பேரிங் தூள் கூலர் உள்ளே அந்தச் சின்னச் சின்ன மடிப்புகளில் ஒட்டிக்கொண்டால் எதை ஊற்றிக் கழுவினாலும் முழுதாக வராது, உங்கள் புது இஞ்சினுக்குத் தவணை முறையில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும்.


லைன்லாக்:

இவ்வளவு பேசுகிறீர்கள், ஏன் டிரை சம்ப் போடக் கூடாது என்று யாராவது சொன்னீர்களா? வெளிப் பம்ப், தனித் தொட்டி, சம்ப்பில் தேங்குவதற்கு ஆயிலே கிடையாது, எத்தனை ஜி போனாலும் தொட்டியின் அடியிலிருந்து ஆயில் வந்துகொண்டே இருக்கும். கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகிறது, ரிங் நன்றாக அமரும், கொஞ்சம் பவரும் கிடைக்கும். தடுப்பு, அக்யூசம்ப், பெரிய சம்ப் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்குப் பதில் ஒரே தடவையில் முடித்துவிடலாமே.


டர்ன்14:

லைன்லாக், நீங்கள் சொல்வதில் தப்பில்லை, ஆனால் யாருக்குச் சொல்கிறோம் என்று பாருங்கள். அவர் ஒதுக்கியது 6,000 வெள்ளி. பம்ப், பிராக்கெட், பெல்ட் புல்லி, தொட்டி, புதுச் சம்ப், மூன்று நான்கு ஏஎன்-12 லைன், இதற்கே ஹாஃப்கட் இஞ்சின் விலையைவிட அதிகம் ஆகும். ஈஜியில் அந்தப் பம்பை மாட்ட ஏசி கம்ப்ரசரைக் கழற்ற வேண்டி வரும், தெருவில் ஓட்டுகிற காரில் ஏசி இல்லாமல் கிள்ளான் டிராஃபிக்கில் அவர் உட்காரட்டுமா? பெல்ட் ஒன்று அறுந்தால் ஆயிலே கிடையாது என்பதும் உண்டு. முழு ஸ்லிக், ஏரோ, நீண்ட ரேஸ் என்றால் நானே டிரை சம்ப்தான் சொல்வேன்.

அக்யூசம்ப் கேட்டிருந்தீர்களே. அது கேண்டன் கம்பெனியின் பெயர், பொதுவாக எல்லாரும் அப்படியே சொல்கிறோம். உருளைக்குள் ஒரு பிஸ்டன், ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் ஆயில். பிரஷர் இருக்கும்போது ஆயிலை நிரப்பி வைத்துக்கொள்ளும், பிரஷர் விழுந்தால் காற்று அதைத் தள்ளிவிடும். சில விநாடிகளுக்குத்தான் தாங்கும், ஆனால் 14-ஆவது வளைவும் சில விநாடிகள்தான். இன்னொரு நன்மை, ஸ்டார்ட் பண்ணும் முன்பே திறந்துவிட்டால் பேரிங்குக்கு ஆயில் போய்விடும். எலெக்ட்ரிக் வால்வு வைத்தது வாங்கினால் 35, 40 பிஎஸ்ஐ-யில் தானாகத் திறக்கும். நடுவில் செக் வால்வு அவசியம், இல்லாவிட்டால் அந்த ஆயில் பேரிங்குக்குப் போகாமல் பம்ப் வழியாகச் சம்ப்புக்கே திரும்பும். இடம் பார்த்து 2 குவார்ட் அளவு போதும்.

ஆனால் வரிசை முக்கியம். தடுப்பு இல்லாத சம்ப்பில் அக்யூசம்ப் போடுவது ஓட்டைப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு குடம் வைப்பதுதான். முதலில் பம்ப், சம்ப், மீட்டர். ஓட்டிப் பாருங்கள், டேட்டாவில் பிரஷர் விழுகிறது என்றால் மட்டும் அக்யூசம்ப்.

மீட்டர் என்றதும் சொல்கிறேன், டேஷ்போர்டில் முள் ஆடுகிற மீட்டரை நீங்கள் 13-ஆவது வளைவில் பார்க்க மாட்டீர்கள், பார்த்தால் சுவரில் இருப்பீர்கள். பிரஷர் சென்சரை ஈசியூவுக்குக் (இஞ்சின் கணினி) கொடுத்து லாக் பண்ணுங்கள், அதாவது பதிவு செய்யுங்கள், குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் 50 பிஎஸ்ஐ-க்குக் கீழே போனால் பெரிய சிவப்பு விளக்கு எரியட்டும், அதோடு ரெவ் வெட்டும் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கேபுரோ (ஹோண்டாட்டாவின் ஈசியூ) வைத்திருந்தால் விடிசி-யின் (இன்டேக் கேமின் கோணத்தை மாற்றும் பாகம்) கட்டளைக் கோணத்தையும் உண்மைக் கோணத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். விடிசி ஆயில் பிரஷரில்தான் நகர்கிறது. நீள வளைவில் உண்மைக் கோணம் மட்டும் தள்ளாடுகிறது என்றால் ஆயிலில் காற்று கலந்திருக்கிறது, பிரஷர் மீட்டர் சரியாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். பணம் செலவில்லாத சோதனை, யாரும் செய்வதில்லை.


ஈப்போ_லேத்:

சென்சர் வாங்கும்போது ஒன்று. ஹோண்டா பிளாக்கில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையின் மரை 1/8 பிஎஸ்பிடி, அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்க மீட்டரோடு வரும் சென்சர் 1/8 என்பிடி, 27 மரை. கையில் வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், முதல் இரண்டு சுற்று ஏறவும் ஏறும், அப்புறம் ஸ்பேனர் போட்டு முறுக்குவார்கள், அலுமினியம் வெடிக்கும். அடாப்டர் சில வெள்ளிதான். அந்த அடாப்டர் நுனியில் கனமான சென்சரைத் தொங்கவிடவும் வேண்டாம், அதிர்வில் பித்தளை முறிந்து ஆயில் மொத்தமும் எக்ஸாஸ்ட் மேல் கொட்டும். சின்ன ஹோஸ் ஒன்று விட்டு சென்சரை ஃபயர்வாலில் பூட்டுங்கள். பிளாக் துளையில் எடுக்கும் பிரஷர் ஃபில்டருக்கும் கூலருக்கும் பிறகு வருவது, பேரிங் பார்க்கிற பிரஷர் அதுதான்.

சம்ப் ஒட்டும்போது ஹோண்டாபாண்ட் பசையை மெல்லிய கோடாகப் போடுங்கள். உள்ளே பிதுங்கி வருகிற பிசிறு காய்ந்து உதிர்ந்து சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும், கழற்றுகிற பழைய இஞ்சினில் பாதிக்கு மேல் இதைத்தான் பார்க்கிறேன்.


கிள்ளான்_ஈஜி:

எல்லாருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. கடைக்காரரிடம் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, முகம் கொஞ்சம் மாறியது, பரவாயில்லை.

இப்போதைய முடிவு: டைப் ஆர் பம்ப் செட் முழுசாக, புதுச் செயினும் டென்ஷனரும். ஃபோர்மேனுக்குத் தெரிந்த அலுமினியம் வெல்டர் பூச்சோங்கில் இருக்கிறார், அவரிடமே சம்ப்புக்கு நாலு பக்கத் தடுப்பும் ஒருவழிக் கதவும். தெர்மோஸ்டாட் சாண்ட்விச் பிளேட், 19 வரிசைக் கூலர், ஏஎன்-10, எல்லாம் புதிது. பிரஷர், டெம்பரேச்சர் சென்சர் இரண்டும் கேபுரோவுக்கு. அக்யூசம்ப் காசை அப்படியே ஒதுக்கி வைக்கிறேன். மெஷின் ஷாப்பில் அளவு கேட்டேன், மெயின் 0.040 பக்கம், ராடு 0.046-லிருந்து 0.049-க்குள் வருகிறது. ரெவ் லிமிட் 7,900.

கடைசியாக இரண்டு கேள்வி. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் பிரைம் பண்ணுவது எப்படி? அப்புறம், டிராக்குக்குப் போகும்போது அரை லிட்டர் கூடுதலாக ஊற்றச் சொல்கிறார்களே, செய்யலாமா?


ஈப்போ_லேத்:

அளவு நன்றாக இருக்கிறது. அந்த ராடுக்கு 10டபிள்யூ-40 தான்.

பிரைம்: கே-யில் பம்ப் சம்ப்புக்குள் ஆயிலில் மூழ்கியே இருப்பதால் பெரிய பாடு இல்லை. பூட்டும்போதே பம்ப் உள்ளே அசெம்ப்ளி லூப் தடவுங்கள், ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்டுங்கள், கூலரையும் ஹோஸையும் நிரப்பிவிடுங்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலர் உள்ளே ஆயில் சரியாகப் போகாது, காலியாக விட்டால் சூடாகித் திறக்கிற நேரத்தில் பிரஷர் ஒரு குலுக்குக் குலுக்கும். பிளக் எல்லாம் கழற்றி, இன்ஜெக்டரும் காயிலும் பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட்டரில் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். லேப்டாப்பில் பிரஷர் ஏறி நிலையாக நின்ற பிறகு பிளக் போடுங்கள். புது இஞ்சினை ஓட்டிப் பழக்கின ஆயிலை வடித்ததும் ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது ரிங், கேம் பக்கத்து இரும்பு. பேரிங் மெட்டல் காந்தத்தில் ஒட்டாது, மினுமினுப்பாகத் தாளில் கிடக்கும்.


டர்ன்14:

அரை லிட்டர்: செமி ஸ்லிக்கில் நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம், ஆனால் உங்கள் சம்ப்பில் புதுத் தடுப்பு வந்துவிட்டது, அந்தத் தகடும் இடம் பிடிக்கும், டிப்ஸ்டிக் குறி முன்பு சொன்ன அளவை இப்போது சொல்லாது. வெல்டிங் முடிந்து வந்ததும் சம்ப்பைக் கவிழ்க்காமல் மேஜையில் வைத்து, லிட்டர் லிட்டராக ஊற்றி, விண்டேஜ் டிரே மட்டத்துக்கு எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிரேயைத் தொடுகிற அளவுக்கு ஊற்றினால் கிராங்க் அதைக் கடையும், பேலன்ஸ் ஷாஃப்டைக் கழற்றியதற்கே அர்த்தமில்லாமல் போகும். அக்யூசம்ப் பிறகு வந்தால் அதிலிருந்து திரும்பி இறங்கும் ஆயிலுக்கும் இடம் விட வேண்டும். வால்வு கவரிலிருந்து கேட்ச் கேனுக்கு (காற்றோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) ஏஎன்-10 இரண்டு லைன் எடுத்துவிடுங்கள், உயர் ஆர்பிஎம்மில் ஹெட்டில் ஏறின ஆயில் கீழே இறங்குவதற்குக் கிராங்க் கேஸ் காற்று வழி விட வேண்டும்.

முதல் செஷனில் ஐந்து சுற்று போதும், வெளியே வந்து லாக்கைப் பாருங்கள். 5, 6, 14 மூன்றையும் இங்கே போட்டால் நானும் பார்க்கிறேன்.